இரண்டு வழிக்காரி

என் அக்கா எதைக் கட்டினாலும் அதற்கு இரண்டு வழி வைப்பாள். ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேதம். அவள் வேலை பார்க்கிற வளாகத்தில் அவளுக்கு ‘இரண்டு வழிக்காரி’ என்றே பெயர். அப்படிப்பட்டவள் ஒரு நாள், பட்டப்பகலில், தன் கையாலேயே இரண்டு வழியையும் பிடுங்கினாள். அவற்றின் மறுமுனையில் இருதய வார்டு இருந்தது. அந்த வார்டில் எங்கள் அப்பா படுத்திருந்தார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளைப் பற்றி நான் சொன்னால் கொஞ்சம் கோபமும் சேர்ந்துதான் வரும். பல் செட் செய்வது என் தொழில். அடுத்தவர் வாய்க்குள் அச்சாகப் பொருந்துகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் “உறுத்துதுங்க” என்று கேட்டே பழகியவன். என் பேச்சில் இனிப்பு குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளாகம் பெரியது. மருத்துவக் கல்லூரி, அதை ஒட்டி ஆஸ்பத்திரி, நூலகம், விடுதிகள், ஆய்வுக்கூடங்கள், நடுவில் ஒரு விளையாட்டு மைதானம். அக்கா சேர்ந்தபோது அங்கே நெட்வொர்க் என்று ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரும் யோசித்துக் கட்டவில்லை. வேண்டியவர்கள் வேண்டிய இடத்தில் ஒரு சுவிட்சை வாங்கி வைத்து, பக்கத்து அறையிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக்கொண்டார்கள். சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. வரிசையாகத் துளைகள் வைத்த ஒரு தட்டைப் பெட்டி. ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கி, அது யாருக்கோ அவரிடம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பெட்டிகள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நூலகத்தில் யாரோ மேசை விசிறிக்கு இடம் வேண்டுமென்று ஒரு பிளக்கைப் பிடுங்கினால், கண் மருத்துவப் பிரிவில் அத்தனை கம்ப்யூட்டரும் வாயடைத்துப் போகும். என்ன கோளாறு என்று தேடுகிறவர் கண் பிரிவிலேயே மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருப்பார்.

அக்கா அதை அடியோடு மாற்றினாள். வளாகத்தின் இரண்டு கோடிகளில், இரண்டு கட்டடங்களில், தலைமை அறை என்று ஒவ்வொன்று வைத்தாள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்த அறையிலிருந்து ஒரு கண்ணாடி இழைக் கேபிள், அந்த அறையிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே பாதையில் போகக்கூடாது. பள்ளம் தோண்டுகிறவர்களோடு காலையிலிருந்து வெயிலில் நடந்தாள். தோட்டத்து மேற்பார்வையாளர், “என் மரத்து வேர்ல கடப்பாரை பட்டுச்சுன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்” என்று குறுக்கே நின்றார். அதற்காக ஒரு பள்ளத்தை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பள்ளம் தோண்டிய மேஸ்திரிக்கு இது அறவே பிடிக்கவில்லை.

“ஏம்மா, ஒரே பள்ளத்துல ரெண்டு குழாயையும் போட்டுட்டா என்ன? எங்களுக்கும் வேலை மிச்சம்.”

“நாளைக்கு உங்க ஆளே இங்க கடப்பாரையை இறக்கினா, ரெண்டும் சேர்ந்துதானே அறுந்து போகும் மேஸ்திரி?”

“எங்க ஆளு எதுக்கும்மா அறுக்கிறான்?”

“போன வாரம் தண்ணிக் குழாயை அறுத்தது யாரு?”

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர்தான் முதலில் ‘இரண்டு வழிக்காரி’ என்று சொன்னது. அடுத்த வாரத்துக்குள் கல்லூரி முதல்வர் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

வீட்டிலும் அதே கூத்துதான். வீட்டுச் சாவி ஒன்று எதிர் வீட்டில், இன்னொன்று தெருக்கோடியில். கடைக்குப் போகும்போது ஒரு தெரு, வரும்போது இன்னொரு தெரு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவான அன்று நான், “ஒருத்தர்தானா? ஸ்பேருக்கு இன்னொருத்தர் வேண்டாமா அக்கா?” என்று கேட்டு முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாமா நல்லவர். இன்றுவரை தன்னை “முதல் வழி” என்று சொல்லிக்கொண்டு சிரிப்பார்.

அவள் வேலையை எங்கள் வீட்டில் காது கொடுத்துக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். அம்மா போன பிறகு அவர் அக்கா வீட்டோடு வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஓர் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு மரையாணி இடம் மாறி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நாற்பது தாண்டிய மகளை இன்னும் “பாப்பா” என்றுதான் கூப்பிடுவார். சாப்பிடும்போது ஒருநாள் கேட்டார்:

“பாப்பா, ரெண்டு வழியும் ஒரே நேரத்துல தொறந்திருந்தா என்ன ஆகும்?”

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் கிடையாது.

“அதுதாம்ப்பா ஆபத்தே. ‘எல்லாரும் கேளுங்க’ன்னு ஒரு செய்தி கிளம்புதுன்னு வைங்க. சுவிட்ச் அதை வர்ற வழியைத் தவிர எல்லா வழியிலயும் அனுப்பும். போற வழி வட்டமா இருந்தா அது திரும்பி அதே சுவிட்சுக்கே வரும். மறுபடியும் எல்லா வழியிலயும் அனுப்பும். நிக்கவே நிக்காது. பெருகிப் பெருகி வேற எதுவும் போக வழியில்லாம அடைச்சிரும்.”

“அப்போ ஒரு வழியை மூடி வைக்கணும்.”

“சுவிட்சுங்களே தங்களுக்குள்ள பேசி ஒண்ணை மூடி வச்சுக்கும். முதல் வழி அறுந்தா மூடினதைத் தானே தொறந்துக்கும்.”

அப்பா என்னைப் பார்த்து, “கேட்டுக்கோடா” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் பல் செட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும் சாப்பிடும்போது வேண்டாம் என்பார்.

அறைகளில் இருக்கிற சுவர் சாக்கெட்டுகளுக்கும் அக்கா ஒரு காவல் வைத்திருந்தாள். யாராவது தெரியாத்தனமாக ஒரு கேபிளின் இரண்டு தலையையும் சுவரிலேயே சொருகி வட்டம் போட்டுவிட்டால், அந்தச் சாக்கெட் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். வளாகம் முழுக்க அந்தக் காவல் இருந்தது, இருதய வார்டைத் தவிர.

அங்கே ஏன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலிருந்தும் கம்பிகள் கட்டிலருகே ஒரு மானிட்டருக்குப் போகும். மானிட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக, வார்டு நடுவில் நர்ஸ் மேசையில் இருக்கும் பெரிய திரைக்குப் போகும். ஒருமுறை யாரோ கொண்டுவந்து வைத்த சின்னப் பெட்டி ஒன்றைப் பார்த்து காவல் மிரண்டு, சாக்கெட்டை அடைத்துவிட்டது. ஒரு நோயாளியின் இதயம் பெரிய திரையிலிருந்து மறைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருதய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு வைத்துக் கிழித்தெடுத்தார். “என் வார்டுல ஒரு சாக்கெட்டும் தானா மூடிக்கக் கூடாது” என்றார். அக்கா இரண்டு நாள் யோசித்தாள். டாக்டர் சொன்னதற்காக இல்லை, அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. உயிர் ஓடுகிற இடத்தில் வழி மூடக்கூடாது என்று முடிவு செய்து, அந்த வார்டுக்கு மட்டும் காவலை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக நர்சுகளுக்கு, துப்புரவுக்காரர்களுக்கு, எல்லோருக்கும் ஒரு பாடம் நடத்தினாள். தன் ஆட்களைத் தவிர யாரும் கேபிளைத் தொடக்கூடாது. கேபிள் தலை தரையில் தொங்கக்கூடாது. ஈரத் துடைப்பம் படும், கால் தடுக்கும்.

அந்தப் பாடத்தில் பாதி வீட்டுக்கும் வந்தது. “கேபிள் தலை தொங்கக் கூடாதுப்பா. ஒண்ணு சொருகணும், இல்லேன்னா கழட்டிச் சுருட்டி வைக்கணும்” என்று அப்பாவிடம் ஓயாமல் சொல்வாள். ஸ்டோர் கீப்பருக்குச் சொல்லவா வேண்டும்? போன் சார்ஜர் தொங்கினால்கூட என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அப்புறம் அப்பாவுக்கு இதயத்தில் வால்வு பழுதாகி, அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகத்தான் தேறினார். வார்டுக்கு மாற்றிய மறுநாளே எதிரே மூலை அறையில் இருந்தவரோடு சிநேகமாகிவிட்டார். அவர் ஒரு பஸ் டிரைவர். மாரடைப்பில் வந்தவர். தட்டுத் தடுமாறி நடந்து வந்து அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவை “கண்டக்டர்” என்று கூப்பிடுவார்.

“கண்டக்டர் சார், வண்டி எப்போ எடுக்கலாம்?”

“பெரிய சிஸ்டர் விசில் குடுக்கட்டும். அவங்கதான் செக்கிங்.”

அப்பாவுக்குத் தையல் வலிக்க வலிக்க இரண்டு பேரும் சிரிப்பார்கள். பெரிய சிஸ்டர் என்பது வார்டின் தலைமை நர்ஸ். அவர் முறைத்தால் எனக்கே நெஞ்சு வலிக்கும். டிரைவருக்கு மதியம் தூங்க வேண்டும், வார்டுச் சத்தம் ஆகாது. கதவைச் சாத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது சிஸ்டர், “சாத்திக்கோங்க, உங்க இதயம் இங்க என் முன்னாடிதான் ஓடுது” என்று பெரிய திரையைக் காட்டினார்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டீ குடிக்கக் கீழே போனேன். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியின் நிலத்தடி அறையில் நடந்ததை, பிறகு ஏணி எனக்குச் சொன்னார். ஏணி என்பவர் அக்காவோடு வேலை செய்கிற டெக்னீஷியன். ஆள் ஏணி உயரம், கையிலும் எப்போதும் ஏணி. அக்காவைவிட மூத்தவர்.

அந்த அறைதான் இரண்டு தலைமை அறைகளில் ஒன்று. சுவிட்சுகளின் பச்சை விளக்குகள் அது அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று அத்தனை விளக்கும் ஒன்றாகத் துடித்தன. ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்து, பிறகு அணையாமலே எரிந்தன. ஏணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எந்த இடம் என்று பார்க்கப் போனாள். கம்ப்யூட்டருக்குச் சுவிட்ச் பதிலே சொல்லவில்லை. போன்களும் நெட்வொர்க்கில் ஓடுகிறவைதான், அவையும் செத்துக் கிடந்தன.

“எங்கேயோ வட்டம் போட்டிருக்காங்கண்ணே” என்றாள் அக்கா. “ஆஸ்பத்திரி முழுக்க அடைச்சிருச்சு.”

வளாகத்தின் மற்றக் கட்டடங்களுக்கு இது பரவாது, அப்படித்தான் அவள் கட்டியிருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் மானிட்டர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும் என்று அந்தக் கருவிகளை விற்றவர்கள் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர், அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, இருதய வார்டு, நான்கும் ஒன்றாகத் திணறிக்கொண்டிருந்தன. இனி ஒரே வழி, கேபிளைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது. எந்தப் பிரிவைப் பிடுங்கும்போது விளக்குகள் அடங்குகின்றனவோ, அங்கேதான் வட்டம்.

முதலில் உயிருக்கு ஆபத்தில்லாத இடங்களாகப் பிடுங்கினாள். வெளிநோயாளிப் பிரிவு. மருந்தகம். ரத்தப் பரிசோதனைக் கூடம். விளக்குகள் அடங்கவில்லை. மிச்சம் இருந்தவை அந்த நான்குதான். காவல் இல்லாத இடம் எது என்று அவளுக்குத் தெரியும். இருதய வார்டின் கேபிளைப் பிடுங்கினாள். விளக்குகள் ஒரு கணம் தடுமாறின, அவள் மூச்சு விட்டாள். உடனே திரும்பவும் பழைய மாதிரி எரிய ஆரம்பித்தன. ஏணிக்கு ஒன்றும் புரியவில்லை.

“ரெண்டாவது வழி தொறந்துக்கிச்சு” என்றாள் அக்கா. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது என்றார் ஏணி. அவள் கட்டியது அவள் கட்டியபடியே வேலை செய்தது. வார்டைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டது, அதோடு அந்தப் பீடையையும்.

இரண்டாவது கேபிள் எதிர்க்கோடித் தலைமை அறையிலிருந்து வருவது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் அது இந்த அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் மேலே ஏறும். கைக்கு எட்டுகிற தூரம்.

“மேடம், அப்பா அங்கதானே இருக்காரு?” என்றார் ஏணி.

“இன்னும் எத்தனையோ பேரு இருக்காங்கண்ணே. தியேட்டர்ல நெஞ்சைத் தொறந்து வச்சிருப்பாங்க.”

அப்போதுதான் என் மொபைல் அடித்தது. நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

“டேய், எங்க இருக்கே?”

“படியில. ஏன்க்கா?”

“ஓடு. பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லு, ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு ஆள் நிக்கணும். திரையை நம்பாதீங்கன்னு சொல்லு. இப்போ நான் வார்டை மொத்தமா அறுக்கப் போறேன்.”

“அறுக்கப் போறியா? அப்பா…”

“ஓடுடா!”

வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. டீ முழுக்கச் சட்டையில். வார்டில் பெரிய சிஸ்டர் அந்தப் பெரிய திரையின் முன்னால் நின்று, போனைத் தட்டிக்கொண்டிருந்தார். திரையில் கோடுகள் அப்படியே நின்றுபோயிருந்தன. ஓடுகிற கோடு நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அக்கா சொன்னதைக் கத்தினேன். சிஸ்டர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. கையைத் தட்டி நர்சுகளை ஆளுக்கொரு கட்டிலுக்கு விரட்டினார். “நீங்க உங்க அப்பா பக்கத்துல நில்லுங்க. சத்தம் வந்தா கத்துங்க” என்றார். மூலை அறைக்கு அவரே போனார்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மானிட்டர் அலறுகிற சத்தம் வெளியே வந்தது. அது எவ்வளவு நேரமாக உள்ளுக்குள்ளேயே அலறிக்கொண்டிருந்ததோ, யாருக்கும் தெரியாது.

ஆட்கள் ஓடினார்கள். அவசர மருந்து வண்டி ஓடியது. டாக்டர் ஓடினார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அப்பாவின் மானிட்டரில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. “என்னடா கலாட்டா?” என்றார் அவர். நான் ஒன்றுமில்லை என்றேன். பெரிய திரை முழுக்கக் கறுத்துப் போனது. அக்கா பிடுங்கிவிட்டாள் என்று தெரிந்தது. அதே நொடியில் தியேட்டரிலும் அவசரப் பிரிவிலும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா படியேறி வந்தாள். ஒரு செருப்புதான் காலில் இருந்தது. கட்டில் கட்டிலாகக் குனிந்து சுவர் சாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்து, அப்பாவின் கட்டிலருகே நின்றுவிட்டாள்.

கட்டில் பக்கத்தில் நர்சுகள் பேசுகிற மேசைபோன் ஒன்று இருந்தது. அதன் முதுகில் இரண்டு துளை. ஒன்றிலிருந்து கேபிள் சுவருக்குப் போகும். மற்றதிலிருந்து வரும் கேபிளை, தள்ளுவண்டியில் கம்ப்யூட்டர் கொண்டுவரும்போது அதில் சொருகுவார்கள். இப்போது தள்ளுவண்டி அங்கே இல்லை. அந்த இரண்டாவது கேபிளும் சுவரில்தான் சொருகியிருந்தது, பக்கத்துக் காலிச் சாக்கெட்டில். சுவரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து திரும்பச் சுவருக்கு. அழகான வட்டம்.

“இதை யாரு சொருகினது?” என்றாள்.

“நான்தான் பாப்பா” என்றார் அப்பா. முகம் மலர்ந்து போயிற்று. “அந்தப் பொண்ணு வண்டியைத் தள்ளிட்டுப் போச்சு, கேபிளை அப்படியே விட்டுட்டுப் போயிருச்சு. தலை தரையில தொங்குது. நீதான் சொல்லியிருக்கியே. கஷ்டப்பட்டுச் சாஞ்சு சொருகிட்டேன்.”

அக்கா பேயறைந்தவள் மாதிரி நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் மூலை அறையைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, மெதுவாக அந்தக் கேபிளை உருவி, சுருட்டி, போன் மேல் வைத்தாள்.

“நல்லதுப்பா” என்றாள். “படுங்க.”

மூலை அறையிலிருந்து பெரிய சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். எங்களைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டினார். டிரைவர் போய்விட்டார்.

முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இருதய டாக்டரிடம் அக்கா கேட்டாள். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றார் அவர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்? எனக்கு அந்த டாக்டரின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. விதி என்று சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

விசாரணையில் அக்கா எதையும் மறைக்கவில்லை. “சொருகினது என் அப்பா. ஆனா யார் சொருகியிருந்தாலும் அந்தச் சாக்கெட் அடைச்சிருக்கணும். அடைக்க வேண்டாம்னு முடிவு பண்ணது நான்” என்றாள். வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னாள். வேண்டாம், நீங்களே சரி செய்யுங்கள் என்றார்கள். மானிட்டர்களுக்கு வார்டு வார்டாகத் தனி சுவிட்ச், தனி நெட்வொர்க் வைத்தாள். கருவி விற்றவர்களோடு சண்டை போட்டு அதைச் சாதித்தாள். அந்த வார்டின் மற்ற எல்லாச் சாக்கெட்டிலும் காவல் திரும்ப வந்தது. டிரைவர் வீட்டுக்கும் போய், அவர் மனைவியிடம் தானே சொன்னாள். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. கண் வீங்கித் திரும்பி வந்தாள்.

அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவு செய்தது நான்தான். தைத்த நெஞ்சு அது, இதைத் தாங்காது. அக்கா பொய் சொல்லத் தெரியாதவள், அதனால் டிரைவர் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். “டிரைவர் வீட்டுக்குப் போயிட்டாருப்பா” என்று சொன்னவன் நான். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்” என்றார்.

இதைவிடக் கொடுமை, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் அன்றைய கதையைச் சொன்னது. ஆஸ்பத்திரியே நின்று போனது, என் மகள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து சரி செய்தாள், அதே நேரம் நானும் ஒரு கேபிளை ஒழுங்குபடுத்தினேன் என்பார். மாமா தலையைக் குனிந்துகொள்வார். நானோ ஒவ்வொரு முறையும், எங்கே தானாகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் எல்லோரும் இருந்தோம். அவள் வேலைக்காக ஒரு சின்ன சுவிட்சைக் கூடத்து மேசையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். போன் வந்து எழுந்து போனாள். அதிலிருந்து ஒரு கேபிள் தலை தரையில் தொங்கியது. அப்பா தன் நாற்காலியிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையைப் பிடித்துக் குனிந்து, அதைக் கையில் எடுத்தார். சுவிட்சில் காலித் துளையைத் தேடினார்.

“தொடாதீங்க!”

அக்கா போட்ட சத்தத்தில் நான் எழுந்துவிட்டேன். அடுக்களை வாசலில், மொபைல் தரையில் விழுந்து கிடக்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அது மகள் அப்பாவிடம் போடுகிற சத்தமே இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்பா கேபிளைப் பிடித்தபடியே நின்றார். கையில் இருந்த தலையைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நான் அதைச் செய்திருக்கக் கூடாது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“வட்டமா இருந்தா நிக்கவே நிக்காதுன்னு சொன்னியே பாப்பா” என்றார். “அன்னிக்கு நான் போட்டது வட்டமா?”

அக்கா நீட்டிய கைகளை மெல்ல இறக்கினாள்.

“டிரைவர் வீட்டுக்குத்தானே போனாரு?”

“அப்பா, உக்காருங்க…” என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்லப்பா” என்றாள் அக்கா. வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். “ஆனா அந்தச் சாக்கெட் தானா அடைச்சிருக்கணும். அடைக்க வேண்டாம்னு எடுத்து விட்டது நான். உங்க மேல தப்பில்ல.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டார். நான் மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அக்காவின் தலையில் கையை வைத்தார்.

“அப்போ நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கோம்” என்றார். “இத்தனை நாளா நீ மட்டும் தனியா வச்சிருந்தியா?”

அக்கா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவின் இன்னொரு கையில் அந்தக் கேபிள் தலை அப்படியே இருந்தது. சொருகவும் முடியாமல், கீழே போடவும் மனசில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமாதான் வந்து, அதை அவர் விரல்களிலிருந்து விடுவித்து வாங்கினார்.